பப்பாளிக் காக்காவும் சுகமில்லாத கதவும்

கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும், ரிமோட்டை அமுக்கினால் திறக்கிற கராஜ் கதவு வைத்திருப்பவர்களில் பப்பாளிக் காக்காவிடம் ஏச்சு வாங்காதவர் ஒருவர்கூட இல்லை. டாக்டர் வாங்கியிருக்கிறார், பாடசாலை அதிபர் வாங்கியிருக்கிறார், மூன்று தடவை ஹஜ் செய்தவர் வாங்கியிருக்கிறார். மௌலவி ஒருவர், கதவு இறங்கிக்கொண்டிருக்கும்போது குனிந்து அடியால் வெளியே ஓடி வந்ததற்காக, தொழுகைக்குப் போகிற சனம் பார்த்திருக்க நடு ரோட்டில் வைத்து வாங்கியிருக்கிறார். ஏச்சு வாங்கிய எல்லோருடைய கதவும் இன்றைக்கும் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணன் வயதுக்காரரைக் காக்கா என்றும் அக்கா வயதுக்காரியை ராத்தா என்றும் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கும். அடையாள அட்டையில் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி சாய்ந்தமருதில் வீடு விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே கையை விரிப்பார். வெளிநாட்டில் பதினெட்டு வருடம் பணக்காரர் வீடுகளுக்குக் கதவு பொருத்திப் பூட்டிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தவர். அவர் வந்த காலத்தில்தான் எங்கள் ஊரிலும் வெளிநாட்டுக் காசில் கட்டுகிற வீடுகளுக்கு ரிமோட் கதவு வரத் தொடங்கியது. மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு அவர் பிரதான வீதிக்கு ஏறினால், யாருக்கும் வழி விடாத பொத்துவில் பஸ்ஸும் ஒதுங்கி நிற்கும்.

பப்பாளி என்ற பட்டம் அவருடைய பரீட்சையால் வந்தது. கதவைத் திருத்த வரச்சொல்லிப் போன் எடுத்தால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "ஊட்டுல பழுத்த பப்பாளி இரிக்கா?" என்பதுதான். இல்லை என்றால், வாங்கி வைத்துவிட்டுக் கூப்பிடச் சொல்லிப் போனை வைத்துவிடுவார். வேலை முடிந்ததும் பப்பாளியைக் கதவுக்கு நேர் கீழே நிலத்தில் வைப்பார். ரிமோட்டை வீட்டுக்காரரின் கையில் கொடுத்து மூடச் சொல்லுவார். கதவு இறங்கி வந்து, பழத்தைத் தொட்ட உடனே திரும்பி மேலே போனால் பாஸ். பழத்தை நசுக்கினால் பெயில். கதவும் பெயில், வீட்டுக்காரரும் பெயில். மோட்டரில் இருக்கிற திருகை இன்னும் கொஞ்சம் இளக்கிவிட்டு, அடுத்த பப்பாளியைக் கொண்டுவரச் சொல்லுவார்.

"என்ன காக்கா இது விளையாட்டு?" என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

"இந்தக் கதவு நூறு கிலோ இரிக்கி. கீழ ஆள் நிண்டா இது உடன திரும்பணும். திரும்புதா எண்டு பாக்க உங்கட தலைய வெப்பமா, பப்பாளிய வெப்பமா? நீங்களே சொல்லுங்க" என்றார் காக்கா. கேட்டவர் இரண்டாவது பப்பாளி வாங்கப் போய்விட்டார்.

நசுங்காமல் தப்பிய பழத்தை அவர் பையில் போட்டுக்கொண்டு போவார். பழத்துக்கு ஆசைப்பட்டுத்தான் மோட்டரை மெதுவாக்குகிறார் என்று ஊரில் கதை கட்டிவிட்டார்கள். விசாரித்துப் பார்த்தால், மனிதருக்குப் பப்பாளி வாசமே ஆகாது. அவ்வளவும் அயல் வீடுகளுக்குத்தான் போகிறது.

ஹாஜியார் ஒருவரின் கதையை ஊரே அறியும். ரிமோட் கதவின் இரண்டு பக்கமும் முழங்காலுக்குக் கீழே இரண்டு சின்னக் கண்கள் பூட்டியிருப்பார்கள். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் ஏதாவது மறித்தால் கதவு மூடாது. ஹாஜியார் போகத்து நெல் மூட்டைகளைக் கராஜில் அடுக்கினார். மூட்டை கண்ணை மறைத்தது. கதவு மூட மறுத்தது. மூட்டையைத் தள்ளி வைக்கலாமே என்று நீங்களும் நானும் நினைப்போம். ஹாஜியார் இரண்டு கண்ணையும் கழற்றி, முகத்துக்கு முகம் பார்க்க வைத்து டேப்பால் சுற்றி, கூரைச் சலாகையில் ஒட்டிவிட்டார். கதவு ஒரு தடையும் இல்லாமல் மூடியது. மூளைசாலி என்று தன்னையே மெச்சிக்கொண்டு, அயலில் நாலு பேருக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தார்.

காக்கா கேள்விப்பட்டு வந்தார். கதவின் கீழே ஒரு பாயை விரித்து மல்லாந்து படுத்தார்.

"ரிமோட்ட அமுக்குங்க ஹாஜியார்."

"என்ன காக்கா, பைத்தியமா? ஒழும்புங்க!"

"ஒரு நாளைக்கு நாலு தரம் உங்கட பேரப்புள்ளையள் ஓடித் திரியக்குள்ள மூடுறீங்கதானே? எனக்கு மேலால ஒருக்கா மூடுங்க பாப்பம்."

ஹாஜியார் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டாராம். ஏணியில் ஏறி அவரே டேப்பைப் பிய்த்தார். நாலு மூட்டை இடம் மாறியது. அந்த வாரமே அயலில் நாலு வீட்டிலும் கண்கள் கூரையிலிருந்து இறங்கிப் பழைய இடத்துக்குப் போயின.

காக்காவின் வைத்தியம் அரைவாசி போனிலேயே முடியும். "போனக் கதவுக்குக் கிட்டப் பிடிங்க" என்பார். கதவை ஏற்றி இறக்கச் சொல்லிச் சத்தத்தைக் கேட்பார். கறகற என்றால் கிறீஸ் வற்றிவிட்டது. கடகட என்றால் எங்கேயோ ஆணி இளகிவிட்டது. கதவு பாதியில் நின்று லைட் மினுங்கினால், "கண்ணுல சிலந்தி கூடு கட்டிரிக்கும், மெல்லிய துணியால தொடைங்க" என்பார். பத்தில் எட்டுக்கு அதுதான் காரணம். மாதாந்தப் பரிசோதனையைச் சனம் மறந்துவிடும் என்பதற்காகப் பிறையோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார். "பிறையப் பாத்தா மறுநாள் கதவப் பாருங்க" என்று பள்ளிவாசல் வாசலில் நின்று ஆளாளுக்குச் சொல்லுவார். கதவை மூடிவிட்டு, பிளக்கைக் கழற்றி, மோட்டரில் தொங்குகிற சிவப்புக் கயிற்றை இழுத்து, கதவைக் கையால் இடுப்பு மட்டம் வரை தூக்கி மெல்ல விடவேண்டும். விட்ட இடத்தில் நின்றால் ஸ்பிரிங் சுகமாக இருக்கிறது. விழுந்தால் அவரைக் கூப்பிட வேண்டும்.

"ஸ்பிரிங்கில மட்டும் ஒத்தரும் கை வெக்கப்படாது. அது சுருட்டி வெச்ச கோவம்" என்பார்.

எங்கள் வீட்டில் அந்தச் சோதனையை ஒருவரும் செய்ததில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. தங்கச்சி சிபானாவுக்கென்று வாப்பா கட்டியது. கட்டி ஏழு வருடம் அந்தக் கதவு உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. முனகத் தொடங்கியதும் உம்மா தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் மேலிருந்து கீழ்வரை தேங்காயெண்ணெய் ஊற்றினார். ஒரு கிழமை கதவு வாயைத் திறக்கவில்லை. மறுகிழமை கடற்கரை மணல் அவ்வளவும் அதில் வந்து ஒட்டியது. அதற்கடுத்த கிழமை எறும்பு வந்தது. கதவு ஏறுகிறதோ இல்லையோ, எறும்பு வரிசையாக ஏறி இறங்கியது.

காக்காவை நாங்கள் கூப்பிட்டது அப்போதுதான். தண்டவாளத்தில் விரலை வைத்து மணந்து பார்த்தார்.

"ராத்தா, இது கதவா, கொமருப் புள்ளையிட தலையா? எண்ணெ வெச்சு வாரி உட்டிரிக்கீங்க!"

"சத்தம் போட்டிச்சு தம்பி, அதுதான்" என்றார் உம்மா.

"தண்டவாளத்தத் துணியால தொடைக்கிறது, அவ்வளவுதான். கிறீஸ் பூசுறது பிணைச்சலுக்கும் சில்லுக்கும். இனி எண்ணெப் போத்திலோட இந்தப் பக்கம் உங்களக் கண்டா கறி சமைக்க எண்ணெ இல்லாம ஆக்கிப்போடுவன்."

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாப்பாவுக்கு வரவில்லை. அன்றைக்கு வியாழக்கிழமை. சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். ஆகவே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பார்க்க வந்தால் பெண்ணைப் பார்க்கிற நேரத்தை விட வீட்டைப் பார்க்கிற நேரம் கூட. சிபானாவுக்கு மூன்று சம்பந்தம் அப்படி வந்து போயிருந்தது. ஒரு பகுதிக்குக் குசினி சிறிதாகத் தெரிந்தது. இன்னொரு பகுதி கடலுக்குக் கிட்ட என்று பயந்தது. மூன்றாம் பகுதி காரணமே சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் அதே பச்சைச் சல்வாரை மினுக்கிப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பாள். மூன்றாம் தடவைக்குப் பிறகு கண்ணாடி பார்ப்பதைக் குறைத்துவிட்டாள். இந்த நாலாவது நிந்தவூர் மாப்பிள்ளை, படத்தைப் பார்த்து அவள் ஒன்றும் சொல்லாமல் போனில் சேமித்து வைத்துக்கொண்ட முதல் ஆள். மாப்பிள்ளைக்குக் கார் இருக்கிறது என்று தரகர் சொன்ன உடனே, எங்கள் வீட்டில் ரிமோட் கதவு இருக்கிறது என்று வாப்பா சொல்லிவிட்டார். அந்தக் கதவில்தான் முழுச் சம்பந்தமும் தொங்குவதாக அவர் மனதில் எப்படியோ பதிந்துபோனது.

காக்கா கதவை மூடி, பிளக்கைக் கழற்றி, சிவப்புக் கயிற்றை இழுத்தார். நானும் அவருமாகத் தூக்கினோம். இடுப்பு மட்டம் வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. கையை இளக்கியதும் கதவு தடாரென்று விழுந்தது. டோர்ச் அடித்து மேலே பார்த்தார்.

"உப்புக் காத்துக்கு ஸ்பிரிங்கக் கறள் தின்டு முடிச்சிரிக்கு. புதுசு கொழும்புல இருந்து வரணும். பத்து நாளாகும். அதுமட்டும் இதத் தொடப்படாது."

வாப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

"தம்பி, ஒரே ஒருக்கா ஏறி எறங்கினாப் போதும். மாப்பிள்ளட உம்மா ஒருக்காப் பாக்கட்டும். மறுகா ஒரு வருசத்துக்குப் பூட்டி வெய்ங்க."

"அந்த ஒரே ஒருக்காலதான் காக்கா அது அறும். அறுறதுக்கு அது நாள் பாக்காது."

"என்ட புள்ளட வாழ்க்க தம்பி இது!"

"ஓம். வாற சனத்திட தலையும் அதுக்குக் கீழதான் இரிக்கி."

சொல்லிக்கொண்டே கதவின் பக்கவாட்டுத் தாழ்ப்பாளைப் போட்டார். ரிமோட்டைக் கழற்றி பெட்டரியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். வாப்பாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஆத்திரத்தில், இனி இந்த வீட்டுப் படி மிதிக்கக்கூடாது என்று கையை நீட்டிச் சொல்லிவிட்டார். காக்கா ஏணியைக் கட்டினார். போகிறபோது சோக்கட்டி எடுத்து, வீதிக்குத் தெரியப் பெரிய எழுத்தில் கதவில் எழுதினார்: "கதவுக்குச் சுகமில்ல. ஒத்தரும் தொடாதீங்க."

உம்மா மூன்று வாளி தண்ணீர் ஊற்றித் தேய்த்து அழித்தார்.

இனி என்னுடைய குற்றத்தைச் சொல்லுகிறேன். வாப்பாவிடம் இரண்டாவது ரிமோட் ஒன்று அலுமாரியில் இருந்தது. சனிக்கிழமை பகல் தாழ்ப்பாளைத் திறந்ததும், மோட்டரோடு கதவை மறுபடி கொழுவியதும், பிளக்கைச் செருகியதும் நான்தான். ஒரே ஒரு தடவைதானே என்று எனக்கும் பட்டது. படித்தவன் செய்கிற மடத்தனத்துக்கு ஒரு தனி ஒழுங்கு இருக்கும்.

அஸர் தொழுகை முடிந்து வேன் வந்தது. ஏழு பெண்கள், இரண்டு ஆண்கள், தரகர். மாப்பிள்ளையின் உம்மா நல்ல உயரம். எதையும் தொட்டுப் பார்த்தே நம்புகிறவர். குசினிப் பைப்பைத் திறந்து மூடினார். தரை மாபிளை விரல் மொளியால் தட்டினார். அலுமாரிக் கதவை ஆட்டிப் பார்த்தார். சிபானா தேத்தண்ணி கொடுத்தபோது அவளைப் பக்கத்தில் இருத்தி, கையைப் பிடித்து வைத்துக்கொண்டு கதைத்தார். உம்மா உள்ளே நின்று ஓதிக்கொண்டிருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அத்தோடு விட்டிருக்கலாம்.

"இனிக் கதவப் பாக்கணுமே!" என்றார் தரகர்.

எல்லோரும் முற்றத்துக்கு வந்தோம். வாப்பா பொக்கெற்றிலிருந்து ரிமோட்டை எடுத்து, பிஸ்மி சொல்லி அமுக்கினார். கதவு ஒரு கிழட்டு எருமை மாதிரிக் கதறிக்கொண்டு எழும்பியது. நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. லைட் மினுங்கியது. வாப்பா மறுபடி அமுக்கினார். அசையவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாப்பிள்ளையின் உம்மா குனிந்து கதவுக்குக் கீழே தலையை நீட்டப் போனார்.

"ராத்தா! பின்னுக்கு வாங்க!"

குரல் வீதியிலிருந்து வந்தது. படி மிதிக்கக்கூடாது என்று சொல்லப்பட்டவர் எதிர்க் கடையில் அஸரிலிருந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறார். எல்லா வீட்டிலும் இரண்டாவது ரிமோட் அலுமாரியில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளையின் உம்மா திடுக்கிட்டு இரண்டு அடி பின்னால் வைத்தார்.

டமார்.

யுத்தம் கண்ட எங்கள் ஊரில் அப்படியான சத்தத்துக்கு ஆட்கள் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் தரையில் கிடந்தோம். அதற்குக் கீழ்ப்பட்டதுகள் மட்டும், இவர்கள் ஏன் படுத்தார்கள் என்று விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றன. தரகர் பூச்சாடிக்குப் பின்னால் கிடந்தார். கதவு ஒரு முழம் கீழே சரிந்து, மோட்டரின் பிடியில் கோணலாகத் தொங்கியது. ஸ்பிரிங் அறுந்துவிட்டது.

நான் எழும்பி, கெட்டித்தனமாகச் சிவப்புக் கயிற்றைப் பிடிக்கப் பாய்ந்தேன்.

"கயித்த உடுடா! மூடியிரிந்தாத்தான் அத இழுக்கிற. இப்ப இழுத்தா கதவு முழுக்க உன்ட தலையில!" காக்கா ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டார். பிளக்கைப் பிடுங்கினார். இரண்டு பக்கமும் பலகை முட்டுக் கொடுத்தார். பிறகு, வந்திருந்த இரண்டு ஆண்களையும் என்னையும் வாப்பாவையும் கதவைத் தாங்க வரிசையாக நிறுத்தி, தானே கயிற்றை இழுத்து, "மெல்ல, மெல்ல" என்று ஏசி ஏசி, அந்தக் கதவை நிலத்தில் இறக்கினார். அந்த இரண்டு பேரில் ஒருவரான மாப்பிள்ளையின் மாமாவுக்கும் நல்ல ஏச்சு விழுந்தது.

மாப்பிள்ளையின் உம்மா முந்தானையைத் தட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"நீங்க ஆரு?"

"கதவு திருத்துறவன் ராத்தா. இது சரியில்ல, தொடப்படாது எண்டு முந்தநாளே சொன்னன். இந்தக் காக்கா என்ன ஏசித் தொரத்திற்றாரு."

வாப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பொய்யும் இல்லை. அதற்காக அவ்வளவு பேருக்கு முன்னால் அதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

மாப்பிள்ளையின் உம்மா காக்காவை மேலும் கீழும் பார்த்தார். "எங்கட ஊட்டுக் கதவும் எழும்பக்குள்ள இப்பிடித்தான் கதறுது. இப்பவே வந்து பாருங்க. வேனில ஏறுங்க" என்றார்.

அவ்வளவுதான். போய்ட்டு வாறம் என்ற ஒரு சொல்லோடு எல்லோரும் ஏறினார்கள். ஏணியின் ஒரு முனை வேன் ஜன்னலால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேசையில் விருந்துக்கு அவித்த இனிப்பு, பத்துக் கோப்பை வட்டிலப்பம், கை படாமல் இருந்தது. உம்மா அழுதார். சிபானா அழவில்லை. அறைக்குள் போய்ச் சல்வாரை மாற்றிக்கொண்டு வந்து, வட்டிலப்பக் கோப்பைகளை ஒவ்வொன்றாக மூடி பிரிட்ஜில் வைத்தாள். அதைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. வாப்பா வாசல் கதிரையில் இருந்து, அந்த மனிதன் அங்கே போய் இன்னும் என்னென்ன சொல்லுகிறானோ என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். காக்கா நிந்தவூரில் மூன்று மணித்தியாலம் இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மறுநாள் காலை தரகர் போன் எடுத்தார். நாள் குறிக்க வரச் சொல்லுகிறார்களாம். வாப்பா மூன்று தடவை திருப்பிக் கேட்டார்.

காரணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. தரை மாபிள்தான் என்றார் வாப்பா. ஓதினது வீண்போகவில்லை என்றார் உம்மா. தரகர் தன் திறமை என்றார். காக்காவிடம் நான் கேட்டேன். "நாங்க கதவப் பத்தித்தான் கதைச்ச" என்று சொல்லிவிட்டு, என் சைக்கிள் செயினுக்குக் கிறீஸ் இல்லை என்று ஏசினார். பத்து நாளில் ஸ்பிரிங் வந்தது. பூட்டினார், சோதித்தார், போனார். வாப்பாவும் அவரும் அளவாகத்தான் கதைத்துக்கொண்டார்கள்.

கலியாணம் முடிந்து இரண்டு மாதம் போயிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிபானாதான் சொன்னாள். அவளுடைய மாமி, மாப்பிள்ளையின் உம்மா, சொன்னதாம். சம்பந்தம் பேசுகிற இடத்தைப் பற்றி அங்கே வேலை செய்கிற ஆட்களிடம் விசாரிப்பது எல்லோரும் செய்வதுதானே. அன்றைக்கு நிந்தவூரில் காக்கா ஏணியில் நிற்கும்போது மாமி கீழே நின்று கேட்டிருக்கிறார், அந்த வீட்டு ஆட்கள் எப்படி என்று. காக்கா ஏணியை விட்டு இறங்கி வந்து சொன்னாராம்:

"ராத்தா, அந்தக் காக்கா என்ன ஏசினது மெய்தான். புள்ளைக்காக ஏசின ஏச்சு அது, நான் கணக்கெடுக்கல. ஆனா நான் ஏணியக் கட்டிக்கிட்டு நிக்கக்குள்ள அந்தப் புள்ள கேற்றடிக்கு ஓடி வந்து, 'காக்கா, வாப்பா ஏசினதுக்கு நான் மாப்புக் கேக்கிறன், தண்ணி குடிச்சிற்றுப் போங்க' எண்டு தந்தா. இத்தின ஊட்டுல ஏச்சு வாங்கிரிக்கன், ஒத்தரும் எனக்கு அப்பிடித் தண்ணி தரல்ல. கதவுதான் பழுது ராத்தா. மனிசர்ல பழுதில்ல."

வாப்பா எழும்பினார். கையைக் கழுவினார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அரை மணித்தியாலத்தில் காக்காவையும் ஏணியையும் முன்னால் விட்டுக்கொண்டு வந்தார். காக்கா இறங்கின உடனே கதவைத்தான் நிமிர்ந்து பார்த்தார். ஏற்றினார், இறக்கினார், காதை வைத்துக் கேட்டார். ஒரு முனகலும் இல்லை.

"இதுக்கு ஒண்டுமில்லியே காக்கா. என்னத்துக்குக் கூப்பிட்ட?"

"ஒண்டுமில்லதான் தம்பி" என்றார் வாப்பா. "சோறு தின்னத்தான் கூப்பிட்டன். வாங்க உள்ளுக்கு."

காக்கா கொஞ்ச நேரம் ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பழுது வந்தால் மட்டுமே எல்லோரும் கூப்பிடுகிற மனிதர்; ஒன்றும் பழுதாகாத வீட்டுக்குள் எப்படிப் போவதென்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து இருந்தார், ஒரு வாய் சாப்பிட்டார், கறிக்கு உப்புக் காணாது என்று உம்மாவை ஏசத் தொடங்கினார். எங்கள் எல்லோருக்கும் அப்போதுதான் நெஞ்சுப் பாரம் இறங்கியது.